குட்டி கேட்டுப் போனோம்... கேள்வி கேட்டு அனுப்பிட்டாங்க!

மேட்டுப்பாளையம் ஸ்டேஷன். காலை ஆறரை மணி. நீலகிரி எக்ஸ்பிரஸ்ல இருந்து இறங்கினவங்கள்ல பாதிப் பேர் மலை ரயிலைப் பிடிக்க ஓடுறாங்க. மீதிப் பேர் பஸ் ஸ்டாண்ட் பக்கம். எல்லாருக்கும் போக வேண்டிய ஊர் ஒண்ணுதான்... ஊட்டி. காரணம்தான் வேற வேற. ஹனிமூன், மலர்க் கண்காட்சி, ஆபீஸ் டூர், காதல் தோல்வி... நானும் என் நண்பனும் போனது நாய் பார்க்க!

சிரிக்காதீங்க பாஸ். வருஷா வருஷம் மே மாசம் ஊட்டி அரசு கலைக் கல்லூரி மைதானத்துல தென்னிந்திய கென்னல் கிளப் நடத்துற நாய்க் கண்காட்சி ரொம்ப ஃபேமஸ். நாட்டோட பல மூலையில இருந்தும் நாய்களைக் கூட்டிக்கிட்டு வருவாங்க. "ஜெர்மன் ஷெப்பர்டு குட்டி வாங்கணும்னா நல்ல ப்ரீடரைப் பார்க்கணும். நாலு ப்ரீடரை ஒரே இடத்துல பார்க்கணும்னா ஊட்டிக்குத்தான் போகணும்"னு எங்க ஏரியா கால்நடை டாக்டர் சொன்னார். அவர் ஏன் அப்படிச் சொன்னார்ங்கிறதுக்குப் பின்னால ஒரு சோகக் கதை இருக்கு. முதல்ல அது.

அஞ்சு நாள் விருந்தாளி

எங்க அப்பா சின்ன வயசுல விழுப்புரத்துல இருந்தப்போ, தெருக்கோடி டாக்டர் வீட்டு கேட்ல ஒரு 'அல்சேஷன்' நிக்குமாம். ஸ்கூல் போறப்பவும் வர்றப்பவும் அதுக்கு ஒரு சல்யூட் வெப்பாராம். 'ஒருநாள் நம்ம வீட்லயும் இந்த மாதிரி ஒண்ணு'ன்னு அப்பவே முடிவு பண்ணவர், அப்புறம் வாழ்க்கை பூரா வாடகை வீட்லயே இருந்துட்டார். ஹவுஸ் ஓனருங்க நம்மளை வெச்சுக்கிறதே பெருசு, இதுல நாய் வேறயா?

அப்பா ரிடையர் ஆன வருஷம், 'நாய் வெச்சா பரவாயில்லை'ன்னு சொல்ற ஹவுஸ் ஓனர் வேளச்சேரியில கிடைச்சார். மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆனா மொட்டை மாடி உண்டு. சந்தோஷத்துல நான் பண்ண வேலைதான் தப்பு. போன நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை தெருச் சந்தைக்குப் போனேன். கூடையில நாலு குட்டி. விக்கிறவர் ஒண்ணைத் தூக்கி வாயைப் பிளந்து காட்டினார். "அண்ணம் பாருங்க சார், கருப்பு! நகத்தை எண்ணிக்கோங்க... இருபது! டபுள் போன், டபுள் கோட்!"

"அம்மா நாய் எங்கேண்ணே?"

"அது ஊர்ல இருக்கு சார்."

"எத்தனை நாள் குட்டி?"

"நாப்பத்தஞ்சு நாள் தாண்டிருச்சு. ஊசியெல்லாம் போட்டாச்சு. இந்தாங்க புக்கு."

எட்டாயிரம் ரூபாய். புக்குல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு. டாக்டர் கையெழுத்து இல்லைங்கிறதை நான் பார்க்கவே இல்ல. அப்பா அன்னிக்கு முழுக்க அதை மடியில இருந்து இறக்கல. 'என்ன பேரு வைக்கலாம்'னு நோட்டு போட்டு எழுதினார்.

மூணாவது நாள் சாப்பிடல. நாலாவது நாள் வாந்தி, ரத்தத்தோட பேதி. டாக்டர் பார்த்த உடனே 'பார்வோ'ன்னுட்டார். "இது 45 நாள் குட்டி இல்ல தம்பி. ஒரு மாசம்கூட ஆகியிருக்காது. தாய்ப்பால் குடிச்சிக்கிட்டு இருக்க வேண்டியது." டிரிப்ஸ் ஏத்தினோம். அஞ்சாவது நாள் விடியக்காலையில போயிடுச்சு. நோட்டுல இருந்த பதினோரு பேர்ல ஒண்ணுகூட வைக்கல.

அப்பா எதுவும் சொல்லல. அது பால் குடிச்ச கிண்ணத்தைக் கழுவித் துடைச்சு பரண்ல வெச்சார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் வீட்ல நாய்ப் பேச்சே கிடையாது.

இப்ப சொல்லுங்க... நான் ஊட்டிக்குப் போனது தப்பா?

குளிர்ல ஒரு ஃபேஷன் ஷோ

பஸ் கல்லாறு தாண்டி ஏற ஆரம்பிச்சதும் சென்னை வெயில் ஒவ்வொரு வளைவுலயும் கொஞ்சம் கொஞ்சமா கழண்டு விழுது. பர்லியார்ல பலாப்பழ வாசனை. குன்னூர்ல டீயும் வர்க்கியும். ஊட்டியில இறங்கினப்போ நண்பன் ஸ்வெட்டரைத் தேட ஆரம்பிச்சான். அவன் எடுத்துட்டு வரல. எனக்குத்தான் குளிரலைன்னு என் ஸ்வெட்டரை அவனே முடிவு பண்ணி எடுத்துக்கிட்டான்.

மைதானத்துக்குள்ள போனா வேற உலகம் மாப்ளே! ஒரு பக்கம் ஹேர் ட்ரையர் சத்தம். பொமரேனியனுக்கு பவுடர் போட்டு சீவிக்கிட்டு இருக்காங்க. ஒரு கிரேட் டேன், கன்னுக்குட்டி சைஸ், தன் ஓனர் மேலேயே தலையைச் சாய்ச்சுத் தூங்குது. இன்னொரு பக்கம் நம்ம ஊரு ராஜபாளையம் வெள்ளை வெளேர்னு, 'நான் ஏன்டா இவ்வளவு தூரம் வந்தேன்'ங்கிற மாதிரி ஒரு லுக்கு விடுது.

ஜெர்மன் ஷெப்பர்டு ரிங்கைக் கண்டுபிடிக்கிறது ஈஸி. எந்த ரிங்குக்கு வெளியே மனுஷங்க பைத்தியம் மாதிரி ஓடுறாங்களோ, அதுதான்! உள்ளே ஒருத்தர் நாயைப் பிடிச்சுக்கிட்டு ஓடுவார். வெளியே அதோட ஓனர் விசில் ஊதி, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே சுத்துவார். ஓனரைப் பார்க்கிற ஆர்வத்துல நாய் காதை விறைச்சு, தலையைத் தூக்கி கம்பீரமா ஓடும். 'டபுள் ஹேண்ட்லிங்'னு பேராம். ஜட்ஜ் ஒவ்வொண்ணா வாயைத் திறந்து பல் வரிசையைப் பார்க்கிறார். வளர்ந்த நாய்க்கு மொத்தம் 42 பல். அண்ணத்தோட கலரை அவர் பார்த்த மாதிரியே தெரியல. நகத்தை எண்ணவும் இல்ல. அடப்பாவி சந்தைக்காரா!

பக்கத்துல குரங்குக் குல்லா போட்ட ஒரு பெரியவர். எஸ்டேட்ல வேலை பார்த்து ரிடையர் ஆனவராம், பல வருஷமா இந்த ஷோவுக்குத் தவறாம வர்றவராம். "டபுள் போன்னா என்னங்கய்யா?"ன்னு கேட்டேன். ரிங்கைப் பார்த்துக்கிட்டே சொன்னார்: "உனக்கு எலும்பு எத்தனை வரிசையோ அதுக்கும் அத்தனை வரிசைதான் தம்பி. ரெண்டு ரெண்டா எவனுக்கும் கிடையாது. டபுள் கோட்டுன்னா வெளியே முரட்டு முடி, உள்ளே பஞ்சு முடி. அது எல்லா ஷெப்பர்டுக்கும் உண்டு. பக்கோடால வெங்காயம் இருக்குன்னு தனியா காசு கேக்கற மாதிரி!"

ஆட்டுக்கார நாய்

அவர் சொன்னதையும் அப்புறம் நான் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன். இந்த இனத்துக்குப் பிறந்தநாள் மாதிரி ஒரு நாளே இருக்கு. 1899-ம் வருஷம் ஏப்ரல் 3-ம் தேதி, ஜெர்மனியில கார்ல்ஸ்ரூஹேங்கிற ஊர்ல ஒரு நாய்க் கண்காட்சி. குதிரைப் படையில கேப்டனா இருந்த மேக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் அங்கே ஒரு மேய்ப்பு நாயைப் பார்த்தார். பார்த்த உடனே வாங்கிட்டார். ஹோராண்ட் ஃபான் கிராஃப்ராத்னு பேரு வெச்சார். அதே மாசம் 22-ம் தேதி ஜெர்மன் ஷெப்பர்டுக்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சார். அதோட பதிவேட்டுல முதல் நாய் அந்த ஹோராண்ட்தான்.

அவர் கேட்டது அழகை இல்ல. நாள் முழுக்க ஆட்டு மந்தையைச் சுத்தி ஓடணும், மேய்ப்பன் கண் அசைச்சா புரிஞ்சுக்கணும். இன்னிக்கும் ஜெர்மனியில அந்தச் சங்கத்தோட விதிப்படி ஒரு நாயை முறையா இனப்பெருக்கத்துக்கு விடணும்னா இடுப்புக்கும் முழங்கைக்கும் எக்ஸ்ரே எடுக்கணும், குணத்துக்கும் வேலைக்கும் டெஸ்ட் பாஸ் பண்ணணும், சைக்கிள் பக்கத்துலயே 20 கிலோமீட்டர் ஓடிக் காட்டணும்.

நம்ம அப்பாக்கள் ஏன் 'அல்சேஷன்'னு சொல்றாங்க? முதல் உலகப் போருக்கு அப்புறம் பிரிட்டன்ல ஜெர்மன்ங்கிற வார்த்தையே யாருக்கும் பிடிக்கல. அதனால பக்கத்துல இருக்கிற அல்சேஸ் பகுதியோட பேரை நாய்க்கு வெச்சுட்டாங்க. 1977-லதான் பிரிட்டன் கென்னல் கிளப் பழைய பேரைத் திருப்பிக் கொடுத்துச்சு. விழுப்புரம் டாக்டர் வீட்டு கேட்ல நின்னது அதே ஆளுதான், புனைபேர்ல!

அந்த 20 கிலோமீட்டர் என் மண்டையில ஓடிக்கிட்டே இருந்துச்சு. ரிங்குல இருக்கிறது கம்பீரம். அந்தக் கம்பீரத்துக்குத் தினமும் ஒருத்தர் கூட ஓடணும்ல?

பெரியவர் இன்னொண்ணும் காட்டினார். "பின்னங்காலைப் பாரு. சிலதுக்கு முதுகு சறுக்கு மரம் மாதிரி சரியுது பாரு. நின்னா ஸ்டைலா இருக்கும். ஆனா நடக்கும்போது கால் தள்ளாடுதான்னு பாரு. நீ குடும்பத்தோட வெச்சுக்கப் போற. உனக்கு நிக்கிற நாய் வேணுமா, நடக்கிற நாய் வேணுமா?"

விசிட்டிங் கார்டு மழை

மத்தியானத்துக்குள்ள எங்க கையில ஏழு விசிட்டிங் கார்டு. "இப்ப அட்வான்ஸ் போடுங்க, நாளைக்கே குட்டி கையில"ன்னார் ஒருத்தர். "எந்த இனம் வேணும்னு மட்டும் சொல்லுங்க தம்பி, எல்லாமே நம்மகிட்ட இருக்கு"ன்னார் இன்னொருத்தர். பலசரக்குக் கடை மாதிரி எல்லா இனமும் ஒரே இடத்துல! "கே.சி.ஐ. சர்டிஃபிகேட் இருக்கு, அப்புறம் என்ன யோசனை?"ன்னார் மூணாவது ஆள்.

கே.சி.ஐ.ன்னா கென்னல் கிளப் ஆஃப் இந்தியா. தலைமை அலுவலகம் நம்ம சென்னையிலதான் இருக்கு. அந்த சர்டிஃபிகேட் குட்டியோட அப்பா யாரு, அம்மா யாரு, தாத்தா பாட்டி யாருன்னு சொல்லும். நல்ல விஷயம்தான். ஆனா குட்டி ஆரோக்கியமா, அம்மா நாய் வெறி பிடிச்ச மாதிரி குரைக்குமான்னெல்லாம் அது சொல்லாது. ரேஷன் கார்டைப் பார்த்து மாப்பிள்ளை குணத்தைச் சொல்ல முடியுமா?

எட்டாவதா ஒரு அக்காகிட்ட போனோம். ஐம்பது வயசிருக்கும். பருத்திச் சேலை, ஷூ, கையில பிஸ்கட் பை. பக்கத்துல ஒரு பெண் ஷெப்பர்டு அமைதியா படுத்திருந்துச்சு. குழந்தைங்க வாலை மிதிச்சாக்கூட, எழுந்து அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்குச்சு. "குட்டி இருக்குங்களா அக்கா?"ன்னேன்.

"இருக்குதுங்க. ஆனா குடுக்கறன்னு சொல்லலை. கோயமுத்தூர் வழியாத்தான போவீங்க? நாளைக்கு வூட்டுக்கு வாங்க. பேசலாம்."

தடாகம் ரோட்டுல ஒரு இன்டர்வியூ

கோவையில இருந்து ஆனைகட்டி போற தடாகம் ரோடு. மலையடிவாரம். வீட்டுக்குப் பின்னால தென்னந்தோப்பு. "ராத்திரி ஆனை வரும் கண்ணு. இதுகதான் மொதல்ல சொல்லும்"னு சாதாரணமா சொன்னாங்க அக்கா. நண்பன் சாயந்திர பஸ் டைமை அப்பவே விசாரிக்க ஆரம்பிச்சுட்டான்.

செருப்பைக் கழட்டினதும் முதல் கேள்வி. "இதுக்கு முந்தி நாய் வெச்சிருந்தீங்களா?"

சொன்னேன். முழுசா சொன்னேன். அந்த கிண்ணம் வரைக்கும்.

அக்கா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் உள்ளே போய் எங்க ரெண்டு பேரையும் கை கால் கழுவச் சொன்னாங்க. செருப்பை வாசல் தாண்டி வெளியவே விடச் சொன்னாங்க. "கோவிச்சுக்காதீங்க. பார்வோ கிருமி தரையில மாசக்கணக்கா உசுரோட கெடக்கும். ஃபினாயிலுக்கெல்லாம் சாகாது. ப்ளீச் தண்ணி ஊத்தித்தான் கழுவோணும். ஊசி முழுசாப் போடாத குட்டி உங்க வூட்டுக்குள்ள வந்தா, மறுபடி அதே கதைதான்."

குட்டிங்க தோட்டத்துல இருந்துச்சு. ஆறு. ஒவ்வொண்ணு கழுத்துலயும் ஒரு கலர் ரிப்பன். சுவத்துல ஒரு சார்ட். யாரு இந்த வாரம் எத்தனை கிராம் ஏறியிருக்காங்கன்னு எழுதியிருந்துச்சு. பக்கத்துல அம்மா நாயோட இடுப்பு எக்ஸ்ரே ரிப்போர்ட். 'ஏ'ன்னா நல்ல இடுப்பு, 'இ' வரைக்கும் போனா மோசம். "ரெண்டு பக்கமும் 'ஏ' இல்லாட்டி 'பி'தான் சேர்ப்பேன். அப்படியும் ஒண்ணு ரெண்டு தப்பும். உத்தரவாதம்லாம் தெய்வம்தான் குடுக்கோணும்"னாங்க. இவ்வளவு நேர்மையா ஒரு வியாபாரத்தை நான் பார்த்ததே இல்ல பாஸ்!

சமையல்கட்டுல குக்கர் விசில், ரேடியோ, மிக்ஸி... எல்லாம் குட்டிங்க காதுல விழுற மாதிரியே இருந்துச்சு. வேணும்னேதான் அப்படி வெச்சிருக்காங்களாம். பின்னாடி தீபாவளி வெடிக்குக் கட்டில் அடியில ஒளியக் கூடாதுல்ல!

சிவப்பு ரிப்பன் ஓடி வந்து என் பேன்ட்டைக் கடிச்சு இழுத்துச்சு. உறுமுறான், ஆட்டுறான், விடவே மாட்டேங்கிறான். நான் ஃப்ளாட்! "அக்கா, இவன்தான்! இவனே என்னைத் தேர்ந்தெடுத்துட்டான்!"

அக்கா சிரிச்சாங்க. "எல்லாரும் அவனத்தான் கேப்பாங்க. அவனுக்குத் தெனம் வேலை குடுக்கற ஆளு வேணும். இல்லாட்டி ஆறே மாசத்துல உங்க சோபாவே அவனுக்கு வேலை ஆயிரும்." சாவிக்கொத்தைத் தரையில போட்டாங்க. மஞ்சள் ரிப்பன் ஓடி மூலையில ஒளிஞ்சுக்குச்சு. சிவப்பு, சாவி மேலேயே பாய்ஞ்சது. நீல ரிப்பன் ஒரு அடி பின்னால போச்சு. நின்னுச்சு. மெதுவா வந்து மோந்து பார்த்துட்டு, சாவி பக்கத்துலயே உக்காந்துக்குச்சு. "வூட்டுக்குள்ள வெக்கறதுக்கு நீலம் மாதிரி ஒண்ணுதான். ஆனா இந்த வயசுல பாக்கறது வெறும் டிரெய்லர்தான் கண்ணு. அம்மா எப்புடின்னு பாருங்க. குட்டி அங்கிருந்துதான வருது?"

அப்புறம் ஆரம்பிச்சாங்க பாருங்க இன்டர்வியூ... கேம்பஸ் பிளேஸ்மென்ட்லகூட நான் இவ்வளவு வேர்த்தது இல்ல.

"எத்தனாவது மாடி?"

"மூணு. லிஃப்ட் இல்ல."

"குட்டியத் தெனமும் நாலஞ்சு தடவ எறக்கோணும். மூணு மாசம் வரைக்கும் படி ஏற வுடக் கூடாது. அதுக்கப்புறமும் இடுப்பு கெட்டிப்படற வரைக்கும் மூணு மாடி ஏறி எறங்க வுடக் கூடாது. தூக்கறது ஆரு?"

"நான்..."

"நீங்க எத்தன மணிக்கு வேலைக்குப் போவீங்க?"

"நைட் ஷிஃப்ட்டுக்கா. சாயந்திரம் அஞ்சுக்குக் கிளம்பினா காலையில அஞ்சு, அஞ்சரை ஆகும்."

"அப்பறம்?"

"தூங்குவேன்."

"அப்ப தூக்கறது ஆரு?"

"...அப்பா."

"அப்பாவுக்கு என்ன வயசு?"

"61. கொஞ்சம் மூட்டு வலி."

அக்கா விரல் விட்டு எண்ணினாங்க. வளர்ந்த ஆண் ஷெப்பர்டு 30-ல இருந்து 40 கிலோ. பொண்ணுன்னா 22-ல இருந்து 32. பூனையைப் பார்த்து அது ஒரு இழு இழுத்தா, படிக்கட்டுல 61 வயசு மனுஷன் என்ன ஆவார்? சென்னை வெயில்ல காலையில ஏழு மணிக்கு மேல தார் ரோட்டுல நடக்க வெச்சா அதோட பாதம் என்ன ஆகும்? வருஷம் பூரா கொட்டற முடியை யாரு கூட்டுறது? அம்மாவைக் கேட்டீங்களா?

கேட்கலை. எங்க வீட்ல அம்மாவை யாரும் எதுவுமே கேட்டதில்லைன்னு அப்பத்தான் உறைச்சது.

"கண்ணு, குட்டிய நான் இல்லைங்கல. உங்க ஆசையயும் தப்புங்கல. ஆனா உங்கப்பா ஆசப்பட்டது கேட்ல நின்ன நாய்க்கு. அது வளந்த நாய், தெரியுதுங்களா? அதக் குட்டியில இருந்து வளத்தது வேற ஆரோ."

எனக்குப் பேச்சே வரல. நண்பன்தான் கேட்டான், "அப்ப என்னங்கக்கா பண்றது?"

அக்கா திரும்பிப் பார்த்தாங்க. ஊட்டியில பார்த்த அதே பெண் நாய், திண்ணையில படுத்திருந்துச்சு. அஞ்சு வயசாம். ரெண்டு ஈத்தோட நிறுத்திட்டாங்களாம். பெல்ட்டை இழுக்காம நடக்கும், தனியா ரெண்டு மணி நேரம் இருக்கும், ஊசியெல்லாம் ஒழுங்கா போட்டாச்சு. "இவளுக்கு ஒரு அமைதியான வூடு தேடிட்டு இருக்கறன். ஷெப்பர்டு பத்து, பன்னெண்டு வருஷம் இருக்கும். பாதி போச்சு, பாதி இருக்குது. உங்கப்பாவையும் அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. ஆனா அதுக்கு முந்தி ஒரு வேலை."

அந்த வேலை என்னன்னு கேட்டு நண்பன் இன்னும் சிரிச்சுக்கிட்டு இருக்கான். ஒரு மாசம் தினமும் காலையில அஞ்சு மணிக்கு ஒரு நடை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு நடை. ஒவ்வொண்ணும் முக்கால் மணி நேரம். மழையோ, ஷிஃப்டோ, கிரிக்கெட் மேட்சோ... லீவு கிடையாது. "நாய் இல்லாமயே நாய் வளத்திப் பாருங்க. முடிஞ்சா போன் பண்ணுங்க."

நோட் பண்ணிக்கோங்க பாஸ்!

அக்காவும் பெரியவரும் எங்க டாக்டரும் சொன்னதை ஒண்ணா சேர்த்துத் தர்றேன்:

* அம்மா நாயைக் காட்டலைன்னா, அந்த இடத்துல ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க. அம்மா உங்களைப் பார்த்து மிரண்டாலோ பாய்ஞ்சாலோ, குட்டி எவ்வளவு க்யூட்டா இருந்தாலும் யோசிங்க.

* எட்டு வாரத்துக்கு முன்னால குட்டியை விக்கக் கூடாதுன்னு 2017-ல வந்த மத்திய அரசு விதியே இருக்கு. ப்ரீடர் மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும், குட்டிக்கு மைக்ரோசிப் இருக்கணும்னும் அதே விதி சொல்லுது. பதிவு எண்ணைக் கூச்சப்படாம கேளுங்க.

* அதே விதிப்படி, பதினெட்டு மாசம் ஆகாத பெண் நாயைக் குட்டி போட வைக்கக் கூடாது. எட்டு வயசு தாண்டினதையும் கூடாது.

* தடுப்பூசி புத்தகத்துல தேதி, டாக்டர் கையெழுத்து, முத்திரை மூணும் இருக்கணும். முதல் ஊசி ஆறுலேர்ந்து எட்டு வாரத்துக்குள்ள. 16 வாரம் வரைக்கும் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போடணும். ஒரு ஊசியோட வேலை முடியாது.

* அப்பா, அம்மா ரெண்டோட இடுப்பு எக்ஸ்ரே ரிப்போர்ட் கேளுங்க. 'எங்க லைன்ல அந்தப் பிரச்னையே இல்ல'ங்கிற பதில், பதில் இல்ல.

* அண்ணத்தோட கருப்பு, நகத்தோட எண்ணிக்கை, டபுள் போன்... இதெல்லாம் சந்தை பாஷை. குட்டிக்குக் காது தொங்கினா 'ஒரிஜினல் இல்ல'ன்னு பயப்படாதீங்க. பல் விழுந்து முளைக்கிற நாலஞ்சு மாசத்துலதான் பல குட்டிகளுக்குக் காது நிக்கும்.

* முக்கியமானது... உங்களை ஒரு கேள்விகூடக் கேட்காம குட்டியைக் கையில கொடுக்கிறவர்கிட்ட வாங்காதீங்க. 'உங்களால வெச்சுக்க முடியலைன்னா என்கிட்டயே கொண்டு வந்து விடுங்க'ன்னு எழுதிக் கொடுக்கிறவர் கிடைச்சா விடாதீங்க.

இருபத்து மூணாவது நாள்

ஊருக்கு வந்து எல்லாத்தையும் சொன்னேன். அப்பா பேப்பரைத் தாழ்த்தாமலே கேட்டார். "இனிமே எனக்கு எதுக்குடா நாயும் பூனையும்?"னார். அம்மா மட்டும், "அந்த அம்மா முடி கொட்டறதை யாரு கூட்டுவாங்கன்னு கேட்டாங்களா? நல்ல பொம்பளை"ன்னு சர்டிஃபிகேட் கொடுத்தாங்க.

மறுநாள் காலையில நான் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து, ஷூவைக்கூடக் கழட்டாம நடக்கப் போனேன். வேளச்சேரி ஏரிக்கரை ரோடு. காலு தூங்குது, கண்ணு தூங்குது, தெரு நாய்ங்க மட்டும் 'யாருடா இவன் புதுசா'ன்னு முழிச்சுக்கிட்டு இருக்கு. மூணாவது நாள் டிமிக்கி. அஞ்சாவது நாளும். உண்மையைச் சொல்லணும்னா இருபத்து மூணு நாள்ல நான் போனது பதிமூணு நாள்தான். சிவப்பு ரிப்பன் என்கிட்ட வந்திருந்தா, மீதி பத்து நாள் அவன் நிலைமை என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா வயித்தைக் கலக்குது.

ஒன்பதாவது நாள் காலையில, கேட்டுகிட்ட அப்பா நின்னுக்கிட்டு இருந்தார். முழங்காலுக்கு பெல்ட், தலைக்கு மஃப்ளர். "சும்மாதான்... டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்"னார். எந்த டாக்டர்னு நான் கேட்கல. அன்னிலேர்ந்து அவர் ஒருநாள்கூட டிமிக்கி அடிக்கல. ஏரி வரைக்கும் போய் ஒரு டீ. திரும்பி வந்து படியில மாடிக்கு மாடி நின்னு, மூச்சு வாங்கி ஏறுறார். நான் தூங்கிட்டா அவரே தனியா போயிட்டு வர்றார். ராத்திரி நடைக்கு அம்மாவும் ரெண்டு நாள் போனாங்களாம்.

நேத்து இருபத்து மூணாவது நாள். வீட்டுக்குள்ள நுழையறேன், தரையில ப்ளீச் வாசனை. மொட்டை மாடிக் கதவு வரைக்கும் கழுவி விட்டிருக்காங்க. சமையல்கட்டு மேடையில அந்தக் கிண்ணம், கவுத்து வெச்சிருக்கு.

"இது சின்னதுடா. பெரிய நாய்க்குப் பத்தாது"ன்னார் அப்பா.

அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை கோவைக்கு மூணு டிக்கெட் போட்டாச்சு. அக்கா இன்னும் 'சரி'ன்னு சொல்லல. அம்மாகிட்ட தனியா சில கேள்வி கேட்கணுமாம்!